ஒரே குத்து, ஒரு சாவு: ஒருவருக்கு ஆயுள், இன்னொருவருக்கு ஏழாண்டு ஏன்?

கேள்வி இதுதான்: இரண்டு வழக்கு. இரண்டிலும் ஒரே ஒரு கத்திக்குத்து, இரண்டிலும் ஆள் இறந்துவிட்டார். ஒன்றில் ஆயுள் தண்டனை, மற்றதில் ஏழாண்டு. இது நீதிபதியின் மனசைப் பொறுத்ததா, வக்கீலின் சாமர்த்தியமா?

இரண்டும் இல்லை. நம் நாட்டுச் சட்டத்தில் 'ஆளைக் கொன்றது' வேறு, 'கொலை' வேறு. செத்தவர் செத்தவர்தான் என்பது வீட்டாரின் கணக்கு. அடித்தவர் மனசில் அந்த நிமிடம் என்ன இருந்தது என்பது சட்டத்தின் கணக்கு. மனசைத் திறந்து பார்க்க முடியாது என்பதால், செத்தவர் உடம்பில் இருக்கும் காயத்தை வைத்து அதைப் படிக்கிறார்கள்.

முதலில் எண்களை முடித்துவிடலாம். 2024 ஜூலை 1 முதல் நடந்த குற்றங்களுக்கு பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டம். அதற்கு முன் நடந்ததற்கு, வழக்கு இன்று விசாரணைக்கு வந்தாலும், பழைய இந்திய தண்டனைச் சட்டம்தான். எல்லோர் வாயிலும் புழங்கும் கொலைத் தண்டனைப் பிரிவான 302 இப்போது 103(1). கொலை என்றால் என்ன என்று சொல்லும் பழைய 300 இப்போது 101. கொலையாகாத மரணத்துக்கான 304 இப்போது 105. கொலை முயற்சி 307 இப்போது 109. எண் மாறியதே தவிர, கொலைக்கான இலக்கணம் 1860இல் எழுதியது ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. அதனால் பழைய தீர்ப்புகள் எல்லாம் இன்றும் செல்லும்.

இனி விஷயம். ஒரு பெரிய வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். அது குற்றமுறு மனிதக்கொலை, அதாவது சாகடிக்கும் எண்ணத்தோடோ, சாகக்கூடும் என்ற அறிவோடோ செய்த செயலால் ஒருவர் சாவது. அதற்குள் ஒரு சின்ன வட்டம், அதுதான் கொலை. ஒரு சாவு சின்ன வட்டத்துக்குள் போக நான்கு வாசல் உண்டு. ஒன்று, சாகடிக்க வேண்டும் என்றே செய்தது. இரண்டு, இந்த ஆளுக்கு இந்த அடி உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தே அடித்தது. இருதய நோயாளி என்று தெரிந்துகொண்டு நெஞ்சில் கையால் குத்துவது போல. மூன்று, வேண்டுமென்றே ஏற்படுத்திய காயம் இயல்பான போக்கில் உயிரைப் பறிக்கப் போதுமானதாக இருப்பது. நான்கு, குறிப்பிட்ட ஆளைக் குறிவைக்காமலே, செத்தே தீருவார்கள் என்று தெரிந்து, எந்த நியாயமும் இல்லாமல் செய்வது. கூட்டத்துக்குள் துப்பாக்கியால் சுடுவது இந்த ரகம்.

நடைமுறையில் சண்டை நடப்பது பெரும்பாலும் மூன்றாவது வாசலில்தான். 'கொல்லணும்னு நினைக்கலைங்க, சும்மா ஒரு குத்துதான்' என்ற வாதம் வந்து மோதுவது இங்கேதான். 1958இல் உச்ச நீதிமன்றம் சொன்ன விர்சா சிங் தீர்ப்பு இதற்கு அடிப்படை. ஈட்டியால் வயிற்றில் ஒரே ஒரு குத்து. குடல் வெளியே வந்துவிட்டது. மறுநாள் ஆள் இறந்தார். 'சாகடிக்கும் எண்ணம் இருந்ததாக நிரூபிக்கவில்லையே' என்றது குற்றம்சாட்டப்பட்டவர் தரப்பு. நீதிபதி விவியன் போஸ் அதை வெட்டினார்: சாகடிக்கும் எண்ணம் தேவையே இல்லை. அந்த இடத்தில், அந்தக் காயத்தை ஏற்படுத்த எண்ணினாரா என்பதுதான் கேள்வி. கை தவறியோ, வேறெங்கோ ஓங்கியது வழுக்கியோ பட்டதில்லை என்று ஆகிவிட்டால், அந்தக் காயம் உயிர் குடிக்கும் காயமா என்பது அடித்தவரைக் கேட்டு முடிவு செய்வதல்ல. அதை மருத்துவம் சொல்லும்.

அதனால்தான் ஒரு கொலை வழக்கில் பிரேதப் பரிசோதனை செய்த டாக்டரின் சாட்சியத்தில் ஒரு வரி இருக்கிறதா என்று முதலில் பார்ப்பார்கள்: 'இந்தக் காயம் இயல்பான போக்கில் மரணம் விளைவிக்கப் போதுமானது.' அறிக்கையில் 'அதிர்ச்சியாலும் ரத்தப்போக்காலும் இறந்தார்' என்று மட்டும் இருந்தால், அது எப்படிச் செத்தார் என்பதைச் சொல்கிறதே தவிர, காயத்தின் கனத்தைச் சொல்லவில்லை. கூண்டில் ஏறிய டாக்டரிடம் அந்தக் கேள்வியைக் கேட்க அரசு வக்கீல் மறந்தால், மூன்றாவது வாசல் பாதி மூடிக்கொள்ளும். ஆயுளுக்குப் போக வேண்டிய வழக்கு 304க்கு இறங்குவதற்கு இப்படி ஒரு மறதியும் காரணமாகலாம்.

சரி, எண்ணத்தை எதிலிருந்து படிக்கிறார்கள்? ஒரு வரப்புத் தகராறை எடுத்துக்கொள்வோம். இரண்டு பேர் வயலில் வாய்ச்சண்டை போடுகிறார்கள். கையில் ஏற்கெனவே இருந்த மண்வெட்டியின் காம்பால் ஒருவர் மற்றவர் தலையில் ஓங்கி ஒரு அடி அடிக்கிறார். அவர் விழுந்ததும் பயந்துபோய் இவரே தண்ணீர் தெளிக்கிறார். நான்கு நாள் கழித்து ஆஸ்பத்திரியில் அவர் இறந்துபோகிறார். இது பெரும்பாலும் பெரிய வட்டத்தோடு நின்றுவிடும்.

அதே வரப்பு, அதே வாய்ச்சண்டை. இவர் வீட்டுக்குப் போய், எரவாணத்தில் செருகியிருந்த அரிவாளை எடுத்து, திரும்பி வந்து, கழுத்தில் ஒரே வெட்டு. இங்கேயும் ஒரே அடிதான். ஆனால் வீட்டுக்குப் போன அந்த நூறு தப்படி, அரிவாளின் கூர்ப்பக்கம், கழுத்து என்ற இடம் மூன்றும் சேர்ந்து பேசுகின்றன. ஆயுதம் கையில் இருந்ததா, தேடி எடுத்ததா, உடம்பில் எந்த இடம், எத்தனை அடி, விழுந்த பிறகும் அடித்தாரா, வாயால் என்ன சொன்னார், அடித்தபின் காப்பாற்றப் பார்த்தாரா, ஓடினாரா, பழைய பகை உண்டா. இவை எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துத்தான் எண்ணத்தை முடிவு செய்வார்கள். 'ஒரே அடி என்றால் கொலை ஆகாது' என்று ஒரு நம்பிக்கை ஊரில் சுற்றுகிறது. அப்படி ஒரு விதி எந்தப் பிரிவிலும் கிடையாது.

சின்ன வட்டத்துக்குள் போன பிறகும் வெளியே வர ஐந்து விதிவிலக்குகள் உண்டு. அடிக்கடி பேசப்படுபவை மூன்று.

முதலாவது கடுமையான, திடீரென்ற ஆத்திரமூட்டல். இரண்டு சொல்லும் முக்கியம். 'கடுமையான' இருந்து 'திடீர்' இல்லாவிட்டால் பலன் இல்லை. நானாவதி வழக்கில் மனைவி வேறொருவருடன் உறவை ஒப்புக்கொண்டபின், அந்தக் கடற்படை அதிகாரி குடும்பத்தைச் சினிமாவில் இறக்கிவிட்டு, கப்பலுக்குப் போய் ரிவால்வரும் குண்டும் வாங்கிக்கொண்டு, அதன்பிறகுதான் அந்த ஆளின் வீட்டுக்குப் போய் அவரைச் சுட்டுக் கொன்றார். ஏறத்தாழ மூன்று மணி நேர இடைவெளி. ஆத்திரம் தணியவும் யோசிக்கவும் போதிய நேரம் இருந்தது என்று 1961இல் உச்ச நீதிமன்றம் ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. ஊரே அனுதாபப்பட்டது, ஆனாலும் விதிவிலக்குக் கிடைக்கவில்லை.

இரண்டாவது, திடீர்ச் சண்டை. முன்திட்டம் இருக்கக் கூடாது, வாய்த்தகராறு திடீரென வந்ததாக இருக்க வேண்டும், ஆவேசத்தில் நடந்திருக்க வேண்டும், எதிராளியை விட அநியாயமான சாதகம் எடுத்துக்கொண்டோ கொடூரமாகவோ நடந்திருக்கக் கூடாது. நான்கும் சேர்ந்தால்தான். வெறுங்கையோடு நிற்பவரை ஆயுதத்தால் குத்தினால் நான்காவது நிபந்தனை உதைக்கும். சண்டை என்றால் இரு தரப்பும் கைவைத்திருக்க வேண்டும் என்பதையும் கவனிக்க வேண்டும். ஒருவர் அடிக்க ஒருவர் வாங்கிக்கொண்டு நின்றது சண்டை ஆகாது.

மூன்றாவது, தற்காப்பில் எல்லை மீறியது. உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ நியாயமான அச்சம் இருந்தால் எதிராளியைக் கொல்லவே உரிமை உண்டு. அப்போது அது குற்றமே அல்ல. அந்த உரிமை நல்லெண்ணத்தோடு தொடங்கி, தேவைக்கு மேல் போய்விட்டால் கொலையிலிருந்து 105க்கு இறங்கும். ஆனால் தாக்க வந்தவர் புறமுதுகு காட்டி ஓடும்போது துரத்திப் போய் வெட்டினால், ஆபத்து முடிந்த கணமே உரிமையும் முடிந்துவிட்டது. காயம் முதுகில் இருந்தால் பிரேதப் பரிசோதனை அறிக்கையே இந்த வாதத்துக்கு எதிர்சாட்சி.

குடிபோதை இந்தப் பட்டியலில் இல்லை. தானாகக் குடித்தவர் போதையைக் காட்டித் தப்ப முடியாது. கொஞ்சம் நகர்ந்து இடம் விடு என்று கேட்டும் நகராத சிறுவனைக் கல்யாண வீட்டில் சுட்டுக் கொன்ற முன்னாள் ராணுவத்தாரின் வழக்கில் (பாஸ்தேவ், 1956) கொலைத் தீர்ப்பு நின்றது. எண்ணம் கொள்ளவே முடியாத அளவு போதை இருந்தது என்று ஆதாரம் இருந்தால் மட்டும் 'எண்ணம்' என்பதிலிருந்து 'அறிவு' என்பதற்கு இறங்க வாய்ப்பு. 'தள்ளாடினார்' என்று நான்கு பேர் சொன்னால் போதாது.

எண்ணத்தைப் பற்றிய இரண்டு வினோதமான பழைய வழக்குகள் நம் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்தே வந்தவை. இன்றும் சட்டக் கல்லூரிகளில் பாடம். 1912 வழக்கில், காப்பீட்டுப் பணத்துக்காக ஒருவரைத் தீர்த்துக்கட்ட, விஷம் கலந்த அல்வாவைக் கொடுக்கிறார் இன்னொருவர். கொஞ்சம் தின்றவர் மிச்சத்தைத் தூக்கிப் போடுகிறார். அதை ஒரு சிறுமி எடுத்துத் தின்று இறந்துபோகிறாள். குறிவைத்தவர் பிழைத்துவிட்டார். சிறுமியைக் கொல்ல அந்த ஆள் கனவிலும் நினைக்கவில்லை, ஆனாலும் கொலைதான். ஒருவரைக் கொல்லும் எண்ணத்தோடு செய்த செயலில் வேறொருவர் செத்தாலும் எண்ணம் கூடவே போகும். இப்போது இது 102ஆம் பிரிவு.

1919 வழக்கு இதற்கு நேர் எதிர். மனைவியைக் கலப்பைக் கொழுவால் தலையில் அடிக்கிறார் கணவர். மயங்கி விழுந்தவள் செத்துவிட்டாள் என்று நினைத்து, தற்கொலை போலக் காட்டத் தூக்கில் தொங்கவிடுகிறார். உண்மையில் அவள் செத்தது தூக்கில். அடித்தபோது கொல்லும் எண்ணம் இல்லை. தொங்கவிட்டபோது அவர் மனசில் அது பிணம். பிணத்தைக் கொல்ல எண்ண முடியாது என்று சொல்லி, இது கொலையும் அல்ல, குற்றமுறு மனிதக்கொலையும் அல்ல, முதலில் அடித்ததற்கும் பொய்ச் சாட்சியம் உருவாக்கப் பார்த்ததற்கும்தான் தண்டிக்கலாம் என்றது முழு அமர்வு. கேட்கவே நெருடும் தீர்ப்புதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: முதல் அடியே கொல்லும் எண்ணத்தோடு விழுந்திருந்தால் இந்த வாதம் நிற்காது. அடித்துச் செத்ததாக நினைத்துக் கிணற்றில் போட்ட பிந்தைய வழக்குகளில் அதே நீதிமன்றம் முழுச் சம்பவத்தையும் ஒன்றாகப் பார்த்துக் கொலை என்றே சொன்னது.

பெரிய வட்டத்திலேயே நின்றுவிட்டால் என்ன தண்டனை? 105இல் இரண்டு பகுதி. எண்ணத்தோடு செய்தது முதல் பகுதி: ஆயுள், அல்லது 5 முதல் 10 ஆண்டு வரை. பழைய சட்டத்தில் இந்தக் குறைந்தபட்ச 5 ஆண்டு கிடையாது. எண்ணம் இல்லை, சாகக்கூடும் என்ற அறிவு மட்டும் இருந்தது என்றால் இரண்டாம் பகுதி: 10 ஆண்டு வரை. கேள்வியில் வந்த ஏழாண்டு 304இன் எந்தப் பகுதியிலும் வரலாம். தீர்ப்பில் எந்தப் பகுதி என்று எழுதியிருக்கும். எண்ணமும் இல்லை, அறிவும் இல்லை, அஜாக்கிரதை மட்டும்தான் என்றால் 106(1): 5 ஆண்டு வரை, பதிவுபெற்ற மருத்துவர் சிகிச்சையின்போது செய்ததானால் 2 ஆண்டு வரை.

அடிபட்டவர் பத்து நாள் கழித்து ஆஸ்பத்திரியில் இறந்தால், கொலை முயற்சியாகப் பதிவான வழக்கு அன்றே கொலையாக மாற்றப்படும். இன்ஸ்பெக்டர் பிரிவு மாற்ற அறிக்கையை மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவார். 'நல்ல ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பார்' என்று தப்பிக்க முடியாது. சட்டத்திலேயே அந்த வாசலை அடைத்து ஒரு விளக்கம் இருக்கிறது. ஆனால் காயத்துக்கும் சாவுக்கும் நடுவே சீழ்பிடிப்பு, அறுவைச் சிகிச்சைச் சிக்கல் என்று பல படிகள் வந்துவிட்டால், 'இயல்பான போக்கில் போதுமானது' என்ற மூன்றாம் வாசல் தளரலாம். கொலை முயற்சிக்குக் காயமே பட வேண்டியதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சுட்டது குறி தப்பினாலும் 109தான்.

கூடப் போனவர்கள் கதி? பைக் ஓட்டியவர், கையைப் பிடித்துக்கொண்டவர், 'வெட்டுடா' என்றவர் என்று யாராக இருந்தாலும், பொது எண்ணம் நிரூபணமானால் வெட்டியவருக்கு உள்ள அதே தண்டனை (பழைய 34, இப்போது 3(5)). ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்த சட்டவிரோதக் கூட்டமானால் பழைய 149, இப்போது 190. சும்மா நின்று வேடிக்கை பார்த்தவரையும் புகாரில் எழுதிவிடும் வழக்கம் உண்டு. பெயர் நீள நீள முக்கியக் குற்றவாளிக்கு எதிரான சாட்சியமும் நீர்த்துப்போகும் என்பது புகார் கொடுப்பவர்களுக்குப் புரிவதில்லை.

வழக்கு உடைவது எங்கே என்றால், பெரும்பாலும் முதல் நாள் காகிதத்தில். எஃப்.ஐ.ஆர் எத்தனை மணிக்குப் போட்டார்கள் என்பதை விட, அது மாஜிஸ்திரேட் கைக்கு எத்தனை மணிக்குப் போனது என்று அதன் மேல் அவர் எழுதிய நேரம் கனமானது. ராத்திரி 9 மணிக்குப் பதிவானதாகச் சொல்லும் எஃப்.ஐ.ஆர் மறுநாள் மத்தியானம்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது, நடுவில் ஏன் என்று விளக்கமும் இல்லை என்றால், உட்கார்ந்து யோசித்து எழுதினார்கள் என்ற வாதத்துக்குக் கதவு திறந்துவிடும்.

அடுத்தது வாக்குமூலம். போலீசிடம் 'நான்தான் குத்தினேன்' என்று சொன்னது கோர்ட்டில் செல்லாது. ஆனால் செய்தித்தாளில் 'வாக்குமூலத்தின்பேரில் கத்தி பறிமுதல்' என்று வருகிறதே? கைதானவர் 'நான் குத்தினேன், குத்திய கத்தியைப் பம்பு செட்டுக்குப் பின்னால் புதைத்து வைத்திருக்கிறேன், எடுத்துக் காட்டுகிறேன்' என்கிறார். வி.ஏ.ஓ.வும் உதவியாளரும் சாட்சிக் கையெழுத்துப் போட மகஜர் (கைப்பற்றிய குறிப்பு) எழுதி கத்தியை எடுக்கிறார்கள். இதில் 'புதைத்து வைத்திருக்கிறேன், காட்டுகிறேன்' என்ற துண்டு மட்டும்தான் சாட்சியம். 'நான் குத்தினேன்', 'குத்திய' இரண்டும் வெட்டி எறியப்படும். பிரிட்டிஷ் காலத்தில் நம் கடைசி அப்பீல் நீதிமன்றமாக இருந்த பிரிவி கவுன்சில் 1946இல் போட்ட இந்தக் கோடு பழைய சாட்சியச் சட்டம் 27இல் இருந்து புதிய சாட்சியச் சட்டத்தின் 23ஆம் பிரிவுக்கு அப்படியே வந்திருக்கிறது. ஆகவே கத்தி கிடைத்ததால் மட்டும் கொலை நிரூபணமாகாது. அதில் இருந்த ரத்தம் இறந்தவருடையது என்று தடய அறிவியல் அறிக்கை சேர்த்துக் கட்ட வேண்டும்.

மரண வாக்குமூலம் ஒன்றே தண்டனைக்குப் போதும், நம்பும்படி இருந்தால். நினைவோடு பேசும் நிலையில் இருந்தார் என்ற டாக்டர் சான்று இல்லாவிட்டாலும் செல்லும் என்று 2002இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. வாக்குமூலம் கொடுத்தவர் பிழைத்துவிட்டால் அது மரண வாக்குமூலம் ஆகாது. அவரே கூண்டேறிச் சொல்ல வேண்டும்.

நேரில் பார்த்தவர் யாரும் இல்லையென்றால் சூழ்நிலைச் சாட்சியம். 1984இல் சாரதா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தபடி, ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியே நிரூபணமாகி, எல்லாம் சேர்ந்து இவரைத் தவிர வேறு யாரும் செய்திருக்க முடியாது என்று காட்ட வேண்டும். 'கடைசியாக இவரோடுதான் பார்த்தோம்' என்பது ஒரு கண்ணி, சங்கிலி அல்ல. கொலைக்கான நோக்கம் நேர்சாட்சி இருக்கும் வழக்கில் பெரிதில்லை, இங்கே அது இல்லாவிட்டால் சங்கிலி தளரலாம்.

கைதாகி ரிமாண்ட் ஆன நாளிலிருந்து 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகாவிட்டால் ஜாமீன் கேட்பது உரிமை. குற்றத்தின் கொடூரம் அங்கே கணக்கில் வராது. இரு குடும்பமும் பேசி முடித்துவிட்டோம் என்று வழக்கை மூட முடியாது. கொலை சமரசத்துக்குரிய குற்றமல்ல. சாட்சிகள் பிறழ்ந்து விடுதலை ஆவது வேறு கதை.

தண்டனையைப் பற்றி ஒரு பழங்கதையை உடைக்க வேண்டும். ஆயுள் என்றால் 14 வருஷம், அதிலும் பகல் ஒரு நாள் இரவு ஒரு நாள் கணக்கு, ஏழு வருஷத்தில் வெளியே வந்துவிடலாம் என்பார்கள். பகல் இரவுக் கணக்கு எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆயுள் என்றால் உயிர் இருக்கும்வரை என்று 1961இலேயே தீர்ப்பு வந்துவிட்டது. 14 ஆண்டு என்பது, கொலை போன்ற குற்றத்தில் ஆயுள் பெற்றவரை அரசு தண்டனைக் குறைப்பில் விடுவிக்க நினைத்தாலும் அதற்கு முன் சட்டப்படி விட முடியாது என்ற தரைமட்டம். 14 முடிந்தால் கதவு தானாகத் திறக்காது. அரசு பரிசீலிக்க வேண்டும், மறுக்கவும் செய்யலாம். தூக்கு, 1980இன் பச்சன் சிங் தீர்ப்புக்குப் பிறகு அரிதினும் அரிதான வழக்குக்கு மட்டும். செஷன்ஸ் கோர்ட் விதித்தாலும் உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் நிறைவேற்ற முடியாது.

எனவே அந்த இரண்டு தீர்ப்புகளும் கையில் இருந்தால், தண்டனைப் பகுதியைப் பார்க்க வேண்டாம். டாக்டரின் சாட்சியத்தை நீதிபதி அலசும் பத்தியையும், ஆயுதம் எங்கிருந்து வந்தது என்று எழுதிய பத்தியையும் படியுங்கள். ஆயுளும் ஏழாண்டும் பிரிந்த இடம் பெரும்பாலும் அந்த இரண்டு பத்திகளுக்குள் இருக்கும்.